ஒரு பிரசங்கமும் அதன் விளைச்சலும்

விவசாய அபிவிருத்தி என்றவுடன் விதை, எரு, நீர், உழவு மாடு, கருவி ஆகிய இவையே பெரும்பாலோர் நினைவுக்கு வருவனவாகும். ஆயின் குடியானவன் வீட்டின் நலமும் நிலத்தின் நலமும் ஒன்றையொன்று பற்றியே நிற்பன. வீட்டில் நோயும் வீண்செலவும் மலிந்திருக்குமாயின், நிலத்தில் விளைந்த நெல் களத்திலிருந்து நேரே கடன்காரனிடத்துக்கும் வைத்தியனிடத்துக்கும் போய்ச் சேரும். அவ்வீட்டை நடத்துகிறவள் ஸ்திரீ. அவளுக்குப் புதிய அறிவு எவ்வழியாகச் சென்று சேரும் என்பது ஒவ்வொரு கிராமத்துப் பெரியோரும் ஆலோசிக்கத்தக்க விஷயம். இது சம்பந்தமாகக் கனடா தேசத்தில் 1897-ம் வருஷத்தில் நடந்த ஒரு கூட்டத்தின் வரலாறு மிகவும் பயனுடையது. ஒரு மாது செய்த பிரசங்கத்தை ஒரு குடியானவர் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் அவரைத் தம் ஊருக்கு அழைத்தார். அவ்வழைப்பிலிருந்து முளைத்த இயக்கம் பல கண்டங்களிலும் கிளைவிட்டுப் படர்ந்தது.

குடியானவர் கூட்டங்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அக்காலத்தில் பெரும்பாலும் பயிர்த்தொழிலையும் பால்பண்ணையையும் பழத்தோட்டங்களையும் நம்பி வாழ்ந்தது. குவெல்ப் நகரில் 1874-ல் மாகாண சர்க்கார் விவசாயக் கலாசாலை ஒன்றை நிறுவியிருந்தனர். அக்கலாசாலையின் அறிவு நாட்டுப்புறத்துக்கு எட்டும்பொருட்டு ஆங்காங்கே குடியானவர் சங்கங்களும் ஏற்பட்டன. பனிக்காலத்தில் வயல்வேலை ஓய்ந்திருக்கும்போது குடியானவர் கூடுவர். கறவைப் பசுவுக்கு என்ன தீனி, பன்றியைக் கொழுக்க வைப்பது எப்படி, மண்ணின் சத்தை எவ்வாறு காப்பது என்ற விஷயங்களைப் பற்றி அறிந்தோர் பேசுவர். கேட்டவர்கள் தங்கள் அநுபவத்தையும் சொல்லி வாதிப்பர். இவ்வகைக் கூட்டங்களால் அம்மாகாணத்து விவசாயத்துக்கு நன்மை உண்டாயிற்று என்பதில் ஐயமில்லை.

ஆனால் இவையெல்லாம் ஆடவர் கூட்டங்கள். பண்ணை வீட்டில் பால் கறப்பதும், வெண்ணெய் கடைவதும், கோழி வளர்ப்பதும், பிள்ளைகளைப் பேணுவதும், வேலையாட்களுக்குச் சமைப்பதும் ஸ்திரீகளே. ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே நெடுந்தூரம். ஆதலால் ஒரு குடும்பத்துப் பெண் மற்றொரு குடும்பத்துப் பெண்ணைக் காண்பதே அருமையாயிருந்தது. தாய் சொன்னதும் மாமியார் சொன்னதுமன்றி வேறு அறிவு பெற வழியில்லை.

ஒரு தாயின் துயரம்

அட்லெய்ட் ஹூட்லெஸ் என்ற மாது 1857-ல் அம்மாகாணத்திலேயே ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர். மணமான பின் ஹாமில்டன் நகரில் வசதியுடன் வாழ்ந்தார். அவருடைய கணவர் மேஜை நாற்காலி முதலிய மரச்சாமான்கள் செய்விக்கும் தொழிலுடையவர். 1889-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவர்களுடைய கடைசிக் குழந்தை வயிற்று நோய்கண்டு இறந்தது. அசுத்தமான பாலே அந்த நோய்க்குக் காரணம் என்று அச்சங்கத்தைச் சேர்ந்தோர் தலைமுறை தலைமுறையாகக் கூறிவருகின்றனர். சரித்திர ஆராய்ச்சி செய்வோரில் சிலர் இதனைத் திண்ணமாகச் சொல்ல இயலாது என்பர். அது எங்ஙனமாயினும், அந்நாட்களில் பால் திறந்த பாத்திரங்களில் வீதிதோறும் கொண்டுவரப்பட்டது; தூசியும் ஈயும் அதில் விழுந்தன; கோடைக்காலத்தில் பச்சிளங் குழந்தைகள் ஏராளமாக மடிந்தன. பாலைச் சூடுகாட்டி நோய்க்கிருமிகளை ஒழிக்கும் பாஸ்டர் முறை விஞ்ஞானிகளுக்குத் தெரிந்திருந்தது, தாய்மாருக்குத் தெரியாது.

இதுவே ஸ்ரீமதி ஹூட்லெஸின் மனத்தில் தைத்தது. குழந்தைக்கு வேண்டியது அன்பு மட்டுமன்று, அறிவும் வேண்டும் என்று அவர் துணிந்தார். ஹாமில்டன் நகரத்து இளம் பெண்கள் சங்கத்தின் மூலமாகச் சமையல், சுகாதாரம், வீட்டுச் சிக்கனம் ஆகியவற்றைக் கற்பிக்கும் வகுப்புக்கள் ஏற்படச் செய்தார். பள்ளிக்கூடங்களிலும் பெண்குழந்தைகளுக்கு இவற்றைக் கற்பிக்கவேண்டும் என்று மாகாணம் முழுவதும் சென்று பேசினார். வீட்டைவிட்டு மேடை ஏறும் ஸ்திரீ வீட்டுக் கடமையைப் பற்றிப் பிறருக்கு எவ்வாறு உபதேசிக்கலாம் என்று பரிகாசம் செய்தவர்களும் உண்டு. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

கேட்டவர் செய்தது

1896-ம் வருஷக் கடைசியில் குவெல்ப் விவசாயக் கலாசாலையில் நடந்த ஒரு கூட்டத்தில் ஸ்ரீமதி ஹூட்லெஸ் பேசினார். சபையில் எர்லண்ட் லீ என்ற இளங்குடியானவர் அமர்ந்திருந்தார். அவர் வெண்ட்வொர்த் ஜில்லாக் குடியானவர் சங்கத்தின் காரியதரிசிகளில் ஒருவர். ஸ்டோனி கிரீக் என்னும் கிராமத்துக்கருகில் பண்ணை வைத்திருந்தவர். பேச்சைக் கேட்டு மெச்சிவிட்டு வீடு திரும்பியோர் பலர் இருந்திருப்பர். லீ அவ்வாறு செய்யவில்லை. தம் சங்கத்தில் வருஷத்துக்கொருமுறை பெண்டிரையும் அழைத்து நடத்தும் இரவுக் கூட்டத்துக்கு வந்து பேசவேண்டும் என்று ஸ்ரீமதி ஹூட்லெஸைக் கேட்டுக்கொண்டார்.

1897-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 12-ந் தேதி அக்கூட்டம் நடந்தது. அன்று ஸ்ரீமதி ஹூட்லெஸ் சொன்னதன் சாரம் இதுவே: ஆடவர் தங்கள் கால்நடையையும் பயிரையும் விருத்திசெய்யச் சங்கம் வைத்துக்கொண்டு கூடிப் பேசிப் பயனடைகின்றனர்; வீட்டையும் குழந்தைகளையும் காக்கும் தொழில் அதனினும் சிறந்ததாயிருக்க, அதற்கென ஏன் ஒரு சங்கம் இருத்தலாகாது? இவ்வார்த்தை சபையிலிருந்த ஸ்திரீகள் உள்ளத்தில் பதிந்தது. ஒரு வாரத்துக்குள் மறுபடியும் கூடுவது என்று அப்பொழுதே தீர்மானித்தனர்.

இடையிலிருந்த அந்த ஒரு வாரத்திலேதான் காரியம் நடந்தது. லீயும் அவருடைய மனைவி ஜேனட் லீயும் பனியில் வண்டி பூட்டிக்கொண்டு வீடுவீடாய்ச் சென்று பெண்களை அழைத்தார்கள். பிப்ரவரி 19-ந் தேதி ஸ்டோனி கிரீக்கில் ஸ்குவயர் மண்டபத்தில் 101 ஸ்திரீகள் கூடினர். ஆடவர் ஒருவரே வந்திருந்தார். அவர் எர்லண்ட் லீ. அக்கூட்டத்தில் அக்கிராசனம் வகித்தவரும் அவரே. உலகத்தில் முதலாவது கிராம மாதர் சங்கம் அன்று பிறந்தது. பழத்தோட்டக்காரரான ஈ. டி. ஸ்மித் என்பவருடைய மனைவியார் முதல் தலைவராகவும், ஸ்ரீமதி ஹூட்லெஸ் கௌரவத் தலைவராகவும் தெரிந்தெடுக்கப்பட்டனர். சங்கத்தின் விதிகளை ஜேனட் லீ தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எழுதினார் என்பர். அவ்வீட்டை 1972-ல் மாதர் சங்கத்தார் விலைக்கு வாங்கிக் காட்சிசாலையாக்கினர்.

சங்கம் நடந்த விதம்

இச்சங்கத்தின் நோக்கங்கள் எளியவை. ஒவ்வொன்றும் கையால் செய்து காட்டத்தக்கவை. வீட்டின் சுகாதாரம், உணவுப்பொருள்களின் சத்து, உடையிலும் விறகிலும் சிக்கனம், குழந்தைகளைச் சாஸ்திரீயமாகப் பேணுதல் ஆகியவையே அவை. மாதத்துக்கொருமுறை கூடுவர். ஒரு விஷயத்தை ஒருவர் சொல்வார் அல்லது செய்து காட்டுவார்; பின்னர் எல்லோரும் கேள்வி கேட்பர். சந்தா அற்பத் தொகையே. மதபேதமும் கட்சிபேதமும் உள்ளே புகாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆதலால் எக்கோயிலைச் சேர்ந்தவரும், எக்கட்சிக்காரர் வீட்டுப் பெண்ணும் ஒரே பலகையில் உட்கார முடிந்தது.

மாகாண விவசாய இலாகாவும் இவ்விஷயத்தில் பாராமுகமாயிருக்கவில்லை. குடியானவர் சங்கங்களுக்குப் பிரசங்கிகளை அனுப்பியதுபோலவே மாதர் சங்கங்களுக்கும் அனுப்பிற்று. பண உதவியும் செய்தது. இதனால் ஒரு கிராமத்தில் தோன்றிய சங்கத்தைப் பார்த்து அடுத்த கிராமத்தாரும் தொடங்கினர். நாளடைவில் சங்கத்தார் வீட்டைக் கடந்து ஊரின் நலத்திலும் கைவைத்தார்கள். பள்ளிப்பிள்ளைகளை வைத்தியர் வந்து சோதிக்கவேண்டும் என்றும், சுத்தமான பால் கிடைக்கவேண்டும் என்றும் சர்க்காரைக் கேட்டார்கள். 1938-ல் ஒன்டாரியோ மாகாணம், விற்கும் பாலைப் பாஸ்டர் முறைப்படி சூடுகாட்டியே விற்கவேண்டும் என்று சட்டம் செய்தது. கனடாவில் இவ்வாறு சட்டம் செய்த முதல் மாகாணம் அதுவே.

ஸ்ரீமதி ஹூட்லெஸ் அச்சட்டத்தைக் காண உயிருடனில்லை. 1903-ல் குவெல்ப் நகரில் வில்லியம் மக்டானல்ட் என்ற தனவந்தர் கொடுத்த பொருளால் மனையியல் கலாசாலை ஏற்பட்டது. அதற்காக அவரிடம் வாதாடிப் பொருள் பெற்றவர்களுள் ஹூட்லெஸ் முக்கியமானவர். 1910-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 26-ந் தேதி, தமது ஐம்பத்துமூன்றாம் பிறந்தநாளுக்கு முதல் நாள், டொராண்டோ நகரில் பெண்கள் கூட்டமொன்றில் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையில் சாய்ந்து உயிர்நீத்தார்.

கடல் கடந்த நாற்று

கனடாவின் மேற்குக் கரையில் மெட்சோசின் என்னுமூரில் 1909-ல் தொடங்கிய மாதர் சங்கத்தில் மாட்ஜ் வாட் என்ற மாது முதலிலிருந்தே உழைத்தவர். கணவர் காலமான பின் அவர் இங்கிலாந்து சென்றார். அங்கு இச்சங்கத்தைப் பற்றிப் பேசியபொழுது ஆதியில் செவிசாய்த்தோர் சிலரே. கிராமத்துப் பெண்கள் தாமாகவே ஒரு சங்கத்தை நடத்துவர் என்பதை அநேகர் நம்பவில்லை. 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. உணவுப்பொருள்கள் கப்பலேறி வருவது அபாயமாயிற்று. அப்பொழுதுதான், உள்நாட்டில் விளைவதைப் பெருக்கவும் வீணாக்காமல் காக்கவும் கிராமத்து ஸ்திரீகளின் உதவியின்றி முடியாது என்பது விளங்கிற்று.

1915-ல் வேல்ஸ் நாட்டின் பாங்கர் நகரில் ஸ்ரீமதி வாட் பேசினார். கேட்டவர்களில் கர்னல் ஸ்டேபிள்டன் காட்டன் என்பவர் ஒருவர். அவர் ஆங்கில்ஸீ தீவில் தாம் வசித்த லான்வைர்பூல் என்ற கிராமத்தில் இதைச் சோதித்துப் பார்க்க முன்வந்தார். அவ்வருஷம் செப்டம்பர் மாதம் 16-ந் தேதி அங்கே பிரிட்டனின் முதல் கிராம மாதர் சங்கம் கூடிற்று. ஸ்டோனி கிரீக்கில் நடந்ததே இங்கும் நடந்தது: பேசியவர் ஒரு ஸ்திரீ, கேட்டுத் தம் ஊருக்குக் கொண்டுசென்றவர் ஓர் ஆடவர், நடத்தியவர்கள் அவ்வூர்ப் பெண்கள். 1919-ம் வருஷம் முடிவதற்குள் பிரிட்டனில் சங்கங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டன. 1917 முதல் 1946 வரை லேடி டென்மன் என்பவர் அவற்றின் தலைமைச் சங்கத்துக்குத் தலைவராயிருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1940-ம் வருஷக் கோடையில் மட்டும் இச்சங்கத்துப் பெண்கள் வீணாய்ப் போகவிருந்த பழங்களைப் பாகாகவும் ஊறுகாயாகவும் பக்குவஞ்செய்து 1,600 டன்னுக்கு மேல் நாட்டுக்குக் கொடுத்தார்கள். விளைவிப்பதுபோலவே விளைந்ததைக் காப்பதும் விவசாயமே என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தேடவேண்டுவதில்லை.

1933-ல் ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரில் பல தேசத்துக் கிராம மாதரும் கூடி உலகக் கிராம மாதர் சம்மேளனத்தை நிறுவினர். ஸ்ரீமதி வாட் அதன் முதல் தலைவரானார். மூன்று அல்லது நான்கு வருஷங்களுக்கொருமுறை அதன் மகாநாடு ஏதேனும் ஒரு தேசத்தில் கூடுகிறது.

இலங்கையிலும் சென்னையிலும்

இவ்வியக்கத்துக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு கவனிக்கத்தக்கது. ஒன்டாரியோ மாகாணத்தில் 1873-ல் பிறந்த டாக்டர் மேரி ரட்னம் என்ற மாது 1896-ல் வைத்தியத் தொண்டின்பொருட்டு இலங்கை வந்தார், எஸ். சி. கே. ரட்னம் என்னும் தமிழரை மணந்து அத்தீவையே தம் நாடாகக் கொண்டார். கிராமங்களில் வைத்தியம் செய்யுங்கால், மருந்தால் தீரும் நோயினும் அறிவால் தடுக்கத்தக்க நோயே மிகுதி என்று கண்டார். தாம் பிறந்த மாகாணத்தின் மாதர் சங்கங்களை மாதிரியாகக் கொண்டு 1930-ல் லங்கா மகிளா சமிதியை நிறுவினார். தோட்டப்பயிர், சமையல், தையல், நெசவு, குழந்தை வளர்ப்பு ஆகியவை கிராமத்துப் பெண்களுக்கு அதன் மூலம் கற்பிக்கப்பட்டன. 1937-ல் கொழும்பு நகரசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியும் அவரே. 1958-ல் அவருடைய தொண்டுக்காக மக்ஸேஸே பரிசு அளிக்கப்பட்டது. அதற்கு முந்திய வருஷத்தில்தான் உலகக் கிராம மாதர் சம்மேளனத்தின் மகாநாடு இலங்கையில் கூடிற்று. 2013-ல் அம்மகாநாடு சென்னையிலேயே நடைபெற்றது.

தமிழ்நாட்டு விவசாய இலாகாவுக்கும் இவ்வழி புதிதன்று. 1986-ல் டென்மார்க் தேசத்து உதவியுடன் பண்ணை மகளிருக்கென ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. ‘தன்வா’ என்ற பெயரால் அது அறியப்பட்டது. விவசாயப் பட்டம் பெற்ற பெண் அதிகாரிகள் கிராமத்துக்கே சென்று, சிறு குடியானவர் குடும்பத்துப் பெண்களுக்கு விதை தேர்தல், விதை நேர்த்தி செய்தல் முதலிய எளிய முறைகளை வயலிலேயே செய்து காட்டினர். பயிற்சி பெற்ற ஒவ்வொருத்தியும் தன் அயலில் பத்துப் பேருக்கேனும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆடவர் அதிகாரியிடம் கேள்வி கேட்கக் கூசிய பெண்கள், பெண் அதிகாரியிடம் வாய் திறந்து கேட்பர் என்பதே இத்திட்டத்தின் உட்கருத்து.

கிராமத்தார் கவனிக்கவேண்டியவை

நாற்றுப்பிடுங்குவதும், நடுவதும், களையெடுப்பதும், விதைநெல்லைக் காயவைத்துக் குதிரில் சேர்ப்பதும், மாட்டுக்குத் தீனி வைப்பதும் பெரும்பாலும் பெண்களே. ஆயினும் கூட்டத்துக்கு அழைப்பு யார் பெயரில் பட்டா உள்ளதோ அவருக்கே போகிறது. அவர் கேட்டுவந்ததை வீட்டில் சொல்லுவாரானால் நன்று. சொல்லாவிடின் விதை நேர்த்தியைப் பற்றிய அறிவு திண்ணையோடு நின்றுவிடும். இக்குறையைப் போக்க நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் செய்யக்கூடியவை வருமாறு:

1. விவசாயக் கூட்டத்துக்கு அறிவிப்பு எழுதும்போது பட்டாதாரருடன் அவர் குடும்பத்துப் பெண்களையும் பெயர் சொல்லி அழைக்கவேண்டும். பொது அறிவிப்பு பெண்களைக் கூட்டாது. வீட்டு வாசலில் சென்று அழைப்பதே கூட்டும். ஸ்டோனி கிரீக்கில் 101 பேர் சேர்ந்தது அவ்வாறே.

2. கூட்ட நேரம் அவர்களுக்கு ஏற்றதாயிருக்கவேண்டும். காலைச் சமையல் வேளையிலும் கறவை வேளையிலும் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று குறைகூறுவது பொருந்தாது. நடவும் அறுவடையும் முடிந்த ஓய்வுக்காலம் நன்று.

3. பேசுபவர் பெண்ணாயிருப்பின் சிறப்பு. விவசாய அதிகாரி, கால்நடை வைத்தியர், கிராமச் சுகாதாரச் செவிலி, ஊராட்சித் தலைவர் ஆகியோரில் பெண்கள் இப்பொழுது பலர் உளர். அயலூரில் நல்ல மகசூல் கண்ட குடியானவப் பெண் ஒருத்தியை அழைத்துப் பேசச் செய்வது எல்லாவற்றிலும் மேலானது. அவள் சொல்வதில் கேட்போருக்கு நம்பிக்கை உண்டாகும்.

4. ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயமே போதும். முதலில் செய்து காட்டுக, பின்னர்ப் பேசுக. உதாரணமாக, கறவைப்பால் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். மடியைக் கழுவித் துடைப்பது, கையையும் பாத்திரத்தையும் சுத்தமாக வைப்பது, பாலைப் பொங்கக் காய்ச்சி மூடிவைப்பது ஆகிய இம்மூன்றையும் அங்கேயே செய்து காட்டவேண்டும். பிறந்தது முதல் ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும் என்பதையும் அப்பொழுதே சொல்லிவிடலாம்.

5. கேட்டவர்கள் அடுத்த கூட்டத் தேதியைக் கலைவதற்கு முன்பே குறித்துக்கொள்ளவேண்டும். தேதி குறியாத கூட்டம் கரை கட்டாத நாற்றங்கால் போன்றது. மகளிர் சுய உதவிக் குழு உள்ள ஊரில் அதன் மாதக் கூட்டத்திலேயே அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். புதிய சங்கம் வேண்டுவதில்லை.

6. நடத்தும் பொறுப்பைப் பெண்களிடமே விட்டுவிடவேண்டும். ஆடவர் இடமும் விளக்கும் ஏற்படுத்திக்கொடுத்து ஒதுங்கியிருப்பது நலம். எர்லண்ட் லீ முதற்கூட்டத்துக்கு அக்கிராசனராயிருந்தார். பின்னர்த் தலைமையை அவர்களிடம் ஒப்புவித்தார்.

குவெல்ப் நகரத்துப் பிரசங்கத்தைக் கேட்டவர் பலர். பேசியவரைத் தம் ஊருக்கு அழைத்தவர் ஒருவர்.  வருகின்ற கிராம சபைக்கும், அடுத்த பருவத்து விவசாயக் கூட்டத்துக்கும் அறிவிப்பு எழுதப்போகும் கிராம அதிகாரிகள் இதனை நினைவிற்கொண்டு எழுதுவார்களாக.